நாற்பது பக்க விருந்து

செங்கோட்டையன் எழுதிய புத்தகத்தைப் படித்துக்கொண்டே பொன்னாத்தாள் தூங்கிப்போனது எழுபத்து நாலாம் வருஷம், ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதற்கு முன் அவள் கணவன் ஐந்து புத்தகம் எழுதியிருந்தான். ஒன்றுக்கும் அவள் தூங்கியதில்லை. மூன்றாவது புத்தகத்தை அடுப்படியில் வைத்துப் படித்ததில் ஒரு சட்டிப் பருப்பு கருகிப்போய், வீட்டில் அத்தனை பேரும் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்கள். அப்போது செங்கோட்டையனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இந்த ஆறாவது புத்தகம் அவள் நெஞ்சின்மேல் கவிழ்ந்து கிடந்தது. மூச்சு விட விட அட்டையில் இருந்த ராணி ஏறி இறங்கினாள். செங்கோட்டையன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மோட்டார் ரூமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே அவனுக்கு ஆறு ஏக்கர். கடலையும் தென்னையும். மோட்டாரைப் போட்டுவிட்டால் ஒரு பாத்தி நிரம்பக் கால்மணி ஆகும். அந்தக் கால்மணியில் அரைப் பக்கம் எழுதுவான். பிறகு மடை மாற்றிவிட்டு வந்து மீதி அரைப் பக்கம். கரண்ட் போனால் கதையும் நின்றுவிடும். அப்படித்தான் ஐந்து புத்தகமும் எழுதினான்.

அவன் எழுத வந்ததே கோபத்தில்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் வெறும் வாசகன். மூணாறு மலையில் சித்திரபுரத்தில் எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் ஞானஜோதி என்பவள் 'மேகநாச்சி' கதைகளை எழுதிவந்தாள். பொள்ளாச்சியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் சென்னியப்பன் அவற்றை மாத நாவலாகப் போட்டு வந்தார். மேகநாச்சி ஒரு மலைராணி. மேகங்களைப் பிடித்துப் பானையில் அடைத்து வைத்திருப்பாள். அவள் எதிரில் யாராவது பொய் சொன்னால் பானை தானாகத் திறந்து, பொய் சொன்னவன் தலையில் இடி இறங்கும். மந்திரியானாலும் சரி, மாமனாரானாலும் சரி.

அந்த வரிசையில் மூன்றாவது புத்தகத்தில் குழியாண்டி என்று கிணறு வெட்டுகிறவன் ஒருவன் வந்தான். அரைப் பக்கம்தான் வந்தான். அரண்மனைக் கிணற்றை வெட்டும்போது அடிப்பாறை உடைந்து உள்ளே போய்விட்டான். கதை அவனை அப்படியே விட்டுவிட்டு மேலே போய்விட்டது.

செங்கோட்டையனுக்குத் தாளவில்லை. கிணறு வெட்டுகிறவர்களோடு பழகியவன் அவன். 'விழுந்தவன் என்ன ஆனான்? மேலே கயிறு பிடித்தவன் எட்டிக்கூடப் பார்க்கமாட்டானா?' என்று சென்னியப்பனுக்குக் கார்டு போட்டான். பதில் வந்தது: 'எனக்குத் தெரியாது. நர்சம்மாவுக்கும் தெரியாதாம். உங்களுக்குத் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள்.'

எழுதி அனுப்பினான். குழியாண்டி விழுந்த இடம் பாதாள ராஜ்யம். அங்கே பிழைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை பொய். மூச்சுக்கு மூன்று பொய் சொல்வான். பாதாள ராஜாவின் பல்லக்கைத் திருடி அந்த ராஜாவுக்கே விற்றான். ஜனங்களுக்கு அவனைப் பிடித்துவிட்டது. மலைமேல் ஏழு மேகநாச்சி, பூமிக்கடியில் ஐந்து குழியாண்டி என்று இரண்டு வரிசையும் வளர்ந்தன. மேகநாச்சி ரசிகர்கள் கம்பம், குமுளி, மூணாறு பக்கம் அதிகம். குழியாண்டி கட்சி பொள்ளாச்சி, பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம்.

பொய்யே பொறுக்காத ராணி, பொய்யைத் தவிர வேறு தெரியாத கிணற்றுக்காரன். இரண்டு பேரும் நேருக்கு நேர் சந்தித்தால்? சென்னியப்பனுக்கு அந்த யோசனை வந்த அன்றைக்கு அவர் பிரஸ்ஸில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரே விடுபட்டுப்போனது. உடனே இருவருக்கும் கடிதம் எழுதினார். ஒற்றைப்படை அத்தியாயங்கள் நர்சம்மா, இரட்டைப்படை செங்கோட்டையன். தலைப்பு 'மேகமும் ஆழமும்'. நாலு மாசம் முன்கூட்டியே விளம்பரமும் போட்டுவிட்டார்.

இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. எல்லாம் தபாலில்தான். 'மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு, தங்கள் ராணியின் சமூகத்தில் என் குழியாண்டி பணிந்து நிற்கிறான்' என்று செங்கோட்டையன் எழுதினான். 'அன்பு மிக்க சகோதரர் அவர்களுக்கு, தங்கள் குழியாண்டி காலடி வைக்க எங்கள் மலை கொடுத்து வைத்திருக்க வேண்டும்' என்று அவள் எழுதினாள். அவள் கடிதங்கள் டிஸ்பென்சரி தாளில் வரும். பிரித்தால் டிஞ்சர் வாசனை அடிக்கும்.

மூன்றாம் அத்தியாயத்தில் குழியாண்டி பாறையைப் பிளந்துகொண்டு அரண்மனை முற்றத்தில் வந்து நின்றான். மேகநாச்சி அவனை வரவேற்று இலை போடச் சொன்னாள். நாலாம் அத்தியாயத்தில் அவன் அடக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டான். ஐந்தில் பாயசம் வந்தது. ஆறில் அவன் ராணியைப் பாராட்டினான். ஏழில் ராணி அவனைப் பாராட்டினாள்.

நாற்பது பக்கம் அந்த விருந்து நடந்தது. ஒப்பிட்டுப் போளி, தேங்காய்ப்பால் சொதி, புளிக்குழம்பு, நாலு வகை ஊறுகாய். கடைசியில் எங்கிருந்தோ ஓர் அரக்கன் வந்தான். இருவரும் 'நீங்கள் முதலில்', 'இல்லை, நீங்கள் முதலில்' என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டு அவனைத் தோற்கடித்தார்கள். அரக்கன் மன்னிப்புக் கேட்டான். மன்னித்தார்கள்.

சாயங்காலம் பொன்னாத்தாள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு மோட்டார் ரூமுக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங்க, சண்டை எந்தப் பக்கத்துல வருதுங்க?"

"நூத்திப் பத்துல அரக்கன் வர்றானே."

"அரக்கனக் கேக்கலீங்க. இவனுக்கும் அவளுக்கும்."

செங்கோட்டையன் மோட்டாரைப் பார்த்தான். மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு பொய்யாச்சும் சொல்றானா?"

"நாகரிகமா நடந்துக்கறான் அம்மிணி."

"குழியாண்டியா?" என்றாள் பொன்னாத்தாள். பிறகு மடை மாற்றிவிடப் போனாள். அந்த ஒரு வார்த்தை அவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை.

ஊரும் சும்மா இருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன் வேலியோரம் நின்று, "மாப்ள, அந்தச் சொதி எப்படி வைக்கறதுன்னு இன்னுங் கொஞ்சம் வெவரமா எழுதியிருக்கலாம். என்ற ஊட்டுல கேட்டாங்க" என்றார். வேறு எதைப்பற்றியும் அவர் கேட்கவில்லை. சென்னியப்பன் வாசகர் கடிதங்களைச் சணல் கயிற்றால் கட்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் மரியஜோசப் எழுதியிருந்தார்: 'பன்னிரண்டு புத்தகம் படித்தவன் நான். இந்தப் பதின்மூன்றாவதற்காகக் கடையைப் பூட்டிவிட்டு வந்து படித்தேன். யாரோ ரெண்டு சம்பந்தி வீட்டுக்காரர்களைப் பற்றிய புத்தகத்தில் தவறான அட்டை ஒட்டிவிட்டீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.'

அதைப் படித்து முதலில் சிரித்தவன் செங்கோட்டையன்தான். பிறகு கடிதத்தை மடித்துவிட்டுத் தென்னை மரத்தடியில் வெகுநேரம் நின்றான். மனசுக்குள் ஒரு குரல், இலை போட்டது யார், மூன்றாம் அத்தியாயம் யாருடையது என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குரலைப் பொன்னாத்தாளிடம் கொண்டுபோய்க் கொட்டினான். "நர்சம்மா எலையப் போட்டுட்டாங்க. போட்ட எலையத் தள்ளிட்டு எந்திரிக்க முடியுமா? அங்கயே கதை படுத்துப்போச்சு." காலையில் ஒரு தரம், ராத்திரிச் சோற்றுக்கு ஒரு தரம் என்று பத்து நாள் இதே பேச்சு.

பதினோராம் நாள் ஞானஜோதியின் கடிதம் வந்தது. 'புத்தகம் சரியில்லாமல் போனதற்கு முழுக் காரணமும் நானே. தங்கள் அத்தியாயங்களில் ஒரு குறையும் இல்லை.' செங்கோட்டையன் உடனே பேனாவை எடுத்து, 'சகோதரி அப்படிச் சொல்லக் கூடாது. குறையெல்லாம் என்னுடையதே. குறிப்பாகத் தங்கள் மூன்றாம் அத்தியாயம்...' என்று ஆரம்பித்தான்.

தோளுக்குப் பின்னால் நின்று படித்த பொன்னாத்தாள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னும் அந்த விருந்து முடியலீங்களா? போதுமுங்க. நேர்ல போய்ப் பேசிட்டு வாங்க. நானும் வர்றேன். நீங்க தனியாப் போனா அங்கயும் எல போட்டு உக்காந்துக்குவீங்க."

விடிகாலையில் கிளம்பி, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று மூன்று பஸ் மாறி, மூணாறில் இறங்கியபோது பொன்னாத்தாள் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். சித்திரபுரத்தில் ஞானஜோதியின் புருஷன் பவுல்ராஜ் வந்து கூட்டிப்போனான். எலக்ட்ரிசிட்டி போர்டில் லைன்மேன். அவர்கள் வீடும் போர்டு குவார்ட்டர்ஸ்தான். ஞானஜோதி வாசலிலேயே நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும்; சின்ன உருவம். "வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். வெந்நீர், கம்பளி, பால் விடாத கட்டன் காப்பி, உருளைக்கிழங்கு போண்டா. புத்தகத்தைப் பற்றி ஒரு பேச்சில்லை. செங்கோட்டையன் மலையைப் புகழ்ந்தான். ஞானஜோதி பாலக்காட்டு அரிசியைப் புகழ்ந்தாள். பொன்னாத்தாள் பார்த்த பார்வைக்கு அவன் கம்பளிக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தான்.

மறுநாள் காலையில் பவுல்ராஜ் அவர்களை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். உள்ளே ஞானஜோதி எதிரில் மத்தியாஸ் என்ற வயதான தொழிலாளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"நாலு நாள் மாத்திரையும் முழுங்குனீங்களா?"

"முழுங்குனேன் சிஸ்டர்."

"வேளை தவறாம?"

"சத்தியமா சிஸ்டர்."

"அப்ப சட்டப்பையில உருளுறது என்னது?"

மத்தியாஸ் பையைப் பொத்தினார். ஞானஜோதி எழுந்து நின்றாள். மத்தியாஸும் எழுந்தார்; பக்கத்தில் அவள் அவர் தோளுயரம்தான். ஆனால் அந்தக் குரலைக் கேட்டு, வரிசையில் நின்ற எட்டுப்பேரும் தங்கள் மாத்திரைகளை எடுத்துத் தாங்களாகவே எண்ணத் தொடங்கினார்கள். வாசலில் நின்ற செங்கோட்டையன் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டான். பவுல்ராஜ் அவன் காதருகே, "வீட்லயும் இப்படித்தான். மீட்டர் ரீடிங் மாதிரி, ஒண்ணும் மறைக்க முடியாது" என்றான்.

இந்தப் பெண்ணா நாற்பது பக்கம் பாயசம் பரிமாறினாள்? செங்கோட்டையனுக்குப் புரியவேயில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். மீன் குழம்பு, மரவள்ளிக்கிழங்கு. ஞானஜோதி மறுபடியும் பழைய சகோதரியாகியிருந்தாள். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி." "போதுமுங்க சிஸ்டர், நெம்ப நல்லா இருக்குதுங்க." இரண்டாவது தரம் இது நடந்ததும் பொன்னாத்தாள் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏனுங்க சிஸ்டர், நான் ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. இவரு ஊட்டுல ஒரு பேச்சு பேசறாருங்க, இங்க ஒரு பேச்சு பேசறாருங்க. மூணாம் அத்தியாயத்துல நீங்க எல போட்டதாலதான் பொஸ்தகமே படுத்துப்போச்சுன்னு பத்து நாளாப் பொலம்பறாருங்க."

செங்கோட்டையன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டான்.

"நான் எப்ப சொன்னேன்? ஐயோ, இல்லீங்க சிஸ்டர்! அப்படிச் சொல்லவே இல்லீங்க. மூணாம் அத்தியாயந்தான் பொஸ்தகத்துலயே நெம்ப ஒசத்தியான அத்தியாயமுங்க."

ஞானஜோதி கரண்டியைக் கீழே வைத்தாள். காலையில் மத்தியாஸைப் பார்த்த அதே பார்வை.

"அண்ணாச்சி, பொய் சொல்லாதீங்க."

பவுல்ராஜ் தன் தட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"ஆமா, எல போட்டேன்" என்றாள் ஞானஜோதி. "ஒரே ஒரு எல. நாலாம் அத்தியாயத்துல ரெண்டாம் பந்தி வச்சது யாரு? ஆறுல எந்திரிச்சு நின்னு நாலு பக்கம் வாழ்த்துப்பா படிச்சது யாரு?"

"எல போட்டா சாப்பிடாம எந்திரிக்கறது மரியாதைங்களா?"

"குழியாண்டிக்கு என்னைக்கு மரியாத இருந்துச்சு? ராஜா பல்லக்க ராஜாவுக்கே வித்தவன்! அவன் என் வாசல்ல வந்து, 'நான் பொய்யே சொல்றதில்லீங்கம்மா'ன்னு நிக்குதான். வாசிச்சப்ப எனக்கு அழுக வந்துச்சு அண்ணாச்சி. மேகநாச்சி பானையெல்லாம் நிரப்பி வச்சுக்கிட்டு காத்திருந்தா. ஒரு பொய் சொல்லிருக்கக் கூடாதா?"

"சொன்னா இடிய எறக்கிருவாங்களே உங்க ராணி!" செங்கோட்டையன் குரலும் ஏறிவிட்டது. "அஞ்சு பொஸ்தகமா வளத்தவனுங்க. நீங்க அவன என்ன பண்ணிப்போடுவீங்களோன்னு பயந்துதானுங்க பொய்யே சொல்ல விடல."



"எனக்கு மட்டும் பயம் இல்லியா?" என்றாள் ஞானஜோதி. "அவன அரைப் பக்கத்துல சாகட்டும்னு விட்டவ நான். நீங்கதான் தூக்கிவிட்டீங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மறுபடி அவன் தலையில இடிய எறக்குவேன்?"

அதோடு நின்றிருந்தால் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டை முடித்திருக்கலாம். ஆனால் நாலு மாசமாக அடக்கி வைத்தது அவ்வளவு சீக்கிரம் நிற்குமா? ஞானஜோதி, குழியாண்டியின் நாலாவது புத்தகம் இரண்டாவது புத்தகத்தையே திருப்பிப் போட்டு எழுதியது என்றாள். செங்கோட்டையனுக்குச் சுருக்கென்றது, உண்மை என்பதால். பதிலுக்கு அவன், "ஆறாவது பொஸ்தகத்துல இருந்தே உங்க ராணிக்குக் கோபம் போயிருச்சுங்க. பேருக்குத்தான் இடி. நனைஞ்ச பட்டாசாட்டம் இருக்குதுங்க" என்றான்.

ஞானஜோதியின் முகம் சிறுத்துப்போயிற்று. எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பவுல்ராஜ் மெதுவாகச் சொன்னான்: "அஞ்சாவது புத்தகம் வந்த வருசம் எங்க சர்ச் சபையில ஒரு பெரிய மனுசர் கேட்டுட்டாரு அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில இருக்கிற பொம்பள இப்படிக் கோவக்காரியப் பத்தி எழுதலாமான்னு. அடுத்த புத்தகத்துல இருந்து ராணி மன்னிக்க ஆரம்பிச்சுட்டா."

திரும்பிப்போக மறுநாள் காலையில்தான் பஸ். அதுவரை அதே இரண்டு அறைக்குள் இருந்தாக வேண்டும். கையைக் கழுவிவிட்டு அடுப்படி வாசலில் போய் நின்றான்.

"சிஸ்டர், நனைஞ்ச பட்டாசுன்னது அதிகப்படிங்க."

"பொய்யா, நெசமா?"

அவன் யோசித்தான். "கொஞ்சம் நெசமுங்க."

ஞானஜோதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "அந்தச் சபை மனுசன் ஒரு மேகநாச்சிகூடப் படிச்சதில்ல, தெரியுமா அண்ணாச்சி? அவருக்காகவா ரெண்டு புத்தகத்தக் கெடுத்தேன்!" என்றாள். அவள் கோபம் இப்போது வேறு ஆள்மேல் திரும்பியிருந்தது. செங்கோட்டையனுக்கு அது பெரிய நிம்மதி.

அன்றைக்குச் சாயங்காலம்வரை நாலுபேரும் உட்கார்ந்து 'மேகமும் ஆழமும்' புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கிழித்தார்கள். பொன்னாத்தாள்தான் தலைமை. எங்கே தனக்குத் தூக்கம் வந்தது, எங்கே கொட்டாவி வந்தது என்று விரல் வைத்துக் காட்டினாள். அரக்கன் மன்னிப்புக் கேட்கும் இடத்தைப் பவுல்ராஜ் சபை ஜெபம்போல ராகம் போட்டு வாசித்ததில் ஞானஜோதிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. எழுதியவன் தான்தான் என்பதையே மறந்து செங்கோட்டையனும் சிரித்தான். இடையிடையே வலித்தது.

புத்தகம் தேறவில்லை. சென்னியப்பன் ஆசைப்பட்டு வழக்கத்தைவிட மூன்று மடங்கு அச்சடித்திருந்தார். முக்கால்வாசி பிரஸ்ஸிலேயே தங்கிவிட்டது. கடைசியில் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்குப் பத்துப் பிரதி இனாமாகக் கொடுத்தார். சமையல்காரர்கள் சிலர் தேடிவந்து கேட்டு வாங்கிப்போனதாகக் கேள்வி. இரண்டாம் பாகம் எழுதித் திருத்திவிடலாமா என்று அவர் கேட்டதற்கு, இருவரும் தனித்தனியாக ஒரே பதிலை எழுதினார்கள்: வேண்டாம். ராணி மலையிலேயே இருக்கட்டும், குழியாண்டி குழிக்குள்ளேயே கிடக்கட்டும்.

ஆனால் கடிதங்கள் நிற்கவில்லை. செங்கோட்டையன் தன் அடுத்த குழியாண்டியை முடித்ததும் பொள்ளாச்சிக்கு அனுப்பவில்லை, சித்திரபுரத்துக்கு அனுப்பினான். எட்டாம் நாள் கட்டு திரும்பி வந்தது. மேலே டிஞ்சர் வாசனையோடு ஒரு தாள். மதிப்பிற்குரிய, அன்பு மிக்க ஒன்றும் இல்லை.

'அண்ணாச்சி, முதல் ஏழு அத்தியாயம் அருமை. எட்டாவது தண்டம். நீங்களே படிச்சுப் பாத்தீங்களா? ஜோதி.'

அவனுக்கு முகமெல்லாம் சூடேறியது. இரண்டு நாள் அந்தக் கட்டைத் தொடவில்லை. கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சினான்; தேவையில்லாத இடத்துக்கும் பாய்ச்சினான். மூன்றாம் நாள் பொன்னாத்தாள் தாளைப் படித்துவிட்டு, "எட்டாவதுதானுங்க, நானும் அதையேதான் நெனச்சேன்" என்றாள்.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

அவன் எட்டாம் அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு மோட்டாரைப் போட்டான். முதல் பாத்தி நிரம்புவதற்குள் குழியாண்டி ஒரு புதுப் பொய்யை ஆரம்பித்திருந்தான். அது எங்கே போய் முடியும் என்று செங்கோட்டையனுக்கே தெரியவில்லை. தண்ணீர் வரப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பதைக் குப்பண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்திச் சொன்னார். அது அவன் காதில் விழவில்லை.